கேட்டதுக்குப் பதில் எங்கே? கேட்டவன் ஜாதகம் எதுக்கு?



நெல்லுக்குக் கட்டுபடியாகிற விலை கொடு என்று கேட்டால், "நீ எந்தக் கட்சி?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். வாய்க்கால் ஏன் தூர்வாரவில்லை என்று கேட்டால், "உன் மச்சான் போன தேர்தலில் யாருக்கு வேலை பார்த்தான், எங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்கள். நஞ்சை நிலத்தில் கை வைக்காதே என்று சொன்னால், "உன்னைத் தூண்டிவிடுகிறவன் யாரு?" என்கிறார்கள். மூன்று கேள்வி கேட்டோம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கேட்டவனுடைய ஜாதகம்தான் கடைத்தெருவில் கிடந்து சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

பதில் இல்லாதவன் முதலில் கையில் எடுக்கிற ஆயுதம் இது. கணக்குக் கேட்டவனைக் கள்ளன் என்று சொல்லிவிட்டால் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, பாருங்க! ஆள்கிறவர்கள் இதை நமக்குச் செய்கிறார்கள். அது தெரிந்த சங்கதி. நம்ம ஆட்களே நம்ம ஆட்களுக்கு இதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதைத்தான் இந்தத் தடவை வாய்விட்டுப் பேசணும். கோரிக்கைகளை எப்போதும்போல் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறோம். அதற்கு முன்னால் இதை ஒரு தடவை படியுங்க. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்க.

டெல்லியில் நடந்தது என்ன?

2020 ஜூன் 5ஆம் தேதி, கொரோனாவில் ஊரே முடங்கிக் கிடந்த நேரத்தில், மத்திய அரசு மூன்று அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் அவை மசோதாவாக நாடாளுமன்றத்துக்கு வந்தன. தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, விவசாயிகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று எதிர்க்கட்சிகள் சொன்னார்கள். அனுப்பவில்லை. செப்டம்பர் 20ஆம் தேதி மாநிலங்களவையில் தலையை எண்ணி வாக்கெடுங்கள் என்று கேட்டார்கள். எண்ணவில்லை. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவித்துவிட்டார்கள். மறுநாள் 8 எம்.பி.க்கள் சஸ்பெண்ட்.

அந்தச் சட்டங்களுக்குள்ளே என்ன இருந்தது? இதை இன்றைக்கும் நம்மில் பல பேருக்குத் தெரியாது. தெரியாமல் போனது நம்ம குற்றம் இல்லை, யாரும் பேசவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வெளியே யார் வேண்டுமானாலும் விளைபொருள் வாங்கலாம், கையில் பான் கார்டு இருந்தால் போதும் என்றது முதல் சட்டம். பணத்தை அன்றைக்கே தரணும், இல்லை என்றால் மூன்று வேலை நாளுக்குள் தரணும் என்றும் எழுதியிருந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. தராமல் போனால்? கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கணும். அவருக்கு மேல் கலெக்டர். சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று சட்டத்திலேயே அடைத்துவிட்டார்கள். ஒப்பந்த சாகுபடிச் சட்டத்திலும் இதே அடைப்பு. ஒரு பக்கம் வக்கீல் பட்டாளம் வைத்திருக்கிற கம்பெனி, இன்னொரு பக்கம் மூணு மா நிலம் வைத்திருக்கிற நாம். நடுவில் கோர்ட்டு இல்லை! மூன்றாவது சட்டம் பதுக்கல் சம்பந்தப்பட்டது. காய்கறி, பழம் விலை இரண்டு மடங்கானால்தான், கெட்டுப்போகாத சரக்கு விலை ஒன்றரை மடங்கானால்தான் அரசு இருப்புக்கு உச்சவரம்பு போடலாம் என்றது.

சரி, எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருந்தது. 2015இல் சாந்தகுமார் குழு கொடுத்த அறிக்கையில், ஆதரவு விலைக்கு அரசிடம் விற்கிறவர்கள் நாட்டிலே 6 சதவீத விவசாயிகள்தான் என்று எழுதியிருந்தது. மீதிப் பேர் ஏற்கெனவே வியாபாரி கையில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் நாலு வியாபாரி வந்தால் நல்லதுதானே என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. மகாராஷ்டிராவில் சரத் ஜோஷி ஆரம்பித்த சேத்காரி சங்கடனா, சந்தையைத் திறந்துவிடு என்று 1980களிலிருந்தே கேட்டுவந்த சங்கம். அவர்களும் விவசாயிகள்தான், வெங்காயத்துக்கும் பருத்திக்கும் தெருவில் இறங்கி அடிபட்டவர்கள்தான். அதற்கு நம்ம பக்கத்துப் பதில், பீகாரைப் பாருங்கள் என்பது. அங்கே 2006இலேயே விற்பனைக்கூடச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்குத் தனியார் முதலீடு வந்து சேரவில்லை.

இதையெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பேசினார்களா?

2020 நவம்பர் 26ஆம் தேதி பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லி நோக்கிக் கிளம்பினார்கள். சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் உட்கார்ந்தார்கள். அன்றையிலிருந்து ஷரத்தைப் பற்றிய பேச்சு நின்றது, ஆளைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தது. தலைப்பாகை கட்டியவன் காலிஸ்தானி. செங்கொடி வைத்திருந்தவன் மாவோயிஸ்ட். இரண்டும் இல்லாதவன் கமிஷன் மண்டி ஏஜெண்டு. குளிரில் கிடக்கிறவர்களுக்குப் பீட்சா வந்தது, கால் அமுக்குகிற மெஷின் வந்தது என்று நாள் முழுக்க டி.வி.யில் காட்டினார்கள். ஏழை என்றால் காசுக்கு வந்தவன், காசு இருந்தால் விவசாயியே இல்லை! எந்தப் பக்கம் திரும்பினாலும் நமக்குக் கதவு சாத்தியிருந்தது. பஞ்சாப் கிராமத்து மூதாட்டி ஒருவரை, நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஆள் என்கிற மாதிரி ஒரு சினிமா நடிகை எழுதினார். அந்தம்மா நிலம் வைத்து விவசாயம் செய்கிறவர். வேறு யாரோ என்று நினைத்து எழுதிவிட்டு, பிறகு அதை நீக்கினார். மூதாட்டி கோர்ட்டுக்குப் போனார். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது.

2021 பிப்ரவரி 8ஆம் தேதி பிரதமரே மாநிலங்களவையில் 'ஆந்தோலன்ஜீவி' என்று ஒரு சொல்லைச் சொன்னார். போராட்டத்தையே பிழைப்பாக வைத்திருக்கிறவன் என்று அர்த்தம். அதே உரையில் இன்னொன்றும் சொன்னார்: ஆதரவு விலை இருந்தது, இருக்கிறது, இனியும் இருக்கும் என்றார். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது பேச்சுதான். "இருக்கும் என்றால் சட்டத்தில் எழுதிக் கொடுங்கள், எழுத என்ன தடை?" என்று அந்த இடத்தில் பிடித்திருக்கணும். ஆனால் மறுநாள் பத்திரிகை, டி.வி., டீக்கடை எல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் மென்றுகொண்டிருந்தன. நம்ம ஆட்களும் அதற்குப் பதில் வசவு தேடிக்கொண்டிருந்தார்கள். ஆதரவு விலை அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போச்சு.

பதிலுக்கு நம்ம பக்கம் என்ன செய்தது? சட்டத்தை ஆதரித்த விவசாயச் சங்கங்களைக் கைக்கூலி, கார்ப்பரேட் அடிவருடி என்று ஒரே வீச்சில் தள்ளினார்கள். மகாராஷ்டிரா வெங்காய விவசாயி ஏன் அப்படி நினைக்கிறான் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முடிவு எல்லாருக்கும் தெரியும். 2021 நவம்பர் 19ஆம் தேதி சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். நவம்பர் 29ஆம் தேதி இரண்டு அவைகளிலும் ரத்து மசோதா நிறைவேறியது, விவாதமே இல்லாமல். பேசணும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டும் பேசவிடவில்லை. வரும்போது எண்ணி வாக்கெடுப்பு இல்லை, போகும்போது விவாதம் இல்லை. நடுவில் ஓராண்டுக்கு மேல் யார் தேசத்துரோகி, யார் கைக்கூலி என்று நாடே பேசியது. கோர்ட்டுக்கு ஏன் கதவை அடைத்தாய் என்ற கேள்விக்கு ஒரு மந்திரியும் மக்கள் மத்தியில் நிதானமாகப் பதில் சொல்லவில்லை. போராட்டத்தில் ஜெயித்தோம், மறுக்கவில்லை. உயிர்களைக் கொடுத்து ஜெயித்தோம். ஆனால் ஆதரவு விலைக்குச் சட்டம்? 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 2025 முடிகிறவரைக்கும் சட்டம் வரவில்லை.

கொடி மாறினாலும் பேச்சு மாறவில்லை

இது ஒரு கட்சியின் வியாதி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதே மூன்று சட்டங்களைப் பற்றி 2020இல் நம்ம மாநிலத்தில் என்ன பேசினார்கள், ஞாபகம் இருக்கா? ஆட்சியில் இருந்தவர் நான் விவசாயி, எனக்குத்தான் விவசாயம் தெரியும் என்றார். எதிரே இருந்தவர்கள் போலி விவசாயி என்றார்கள். யாருடைய தோளில் கிடக்கிற பச்சைத்துண்டு அசல் என்று சண்டை போனது. தமிழ்நாடே 2019இல் ஒப்பந்த சாகுபடிக்குத் தனியாக ஒரு சட்டம் போட்டிருக்கிறதே, அதில் நமக்கு என்ன பாதுகாப்பு, மத்தியச் சட்டம் வந்தால் அது என்ன ஆகும் என்று கேட்க ஆள் இல்லை.

2021 ஆகஸ்ட் 28ஆம் தேதி, ஆட்சி மாறிய பிறகு, மூன்று சட்டங்களையும் எதிர்த்துச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். வரவேற்றோம். அதே ஆட்சியில் 2023 நவம்பரில் என்ன நடந்தது? செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்காதே என்று போராடியவர்களில் 7 பேர் மேல் குண்டர் சட்டம். குண்டர்! வசவுச் சொல்லையே சட்டத்தின் பேராக்கி ஆளின் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். வெளியாட்கள் தூண்டுகிறார்கள் என்றார்கள். கண்டனம் கிளம்பியதும் 6 பேர் மேல் போட்டதை முதலமைச்சரே ரத்து செய்ய உத்தரவிட்டார். விளைகிற நிலம் எத்தனை ஏக்கர், தரிசு எத்தனை ஏக்கர், வேறு இடம் பார்த்தார்களா? அந்த ஊர்க்காரர்கள் கேட்ட கேள்வி இது.

பஞ்சாபிலும் இதே கதைதான். 2020இல் விவசாயிக்குத் தோள் கொடுத்த கட்சி அங்கே ஆட்சிக்கு வந்தது. 2025 மார்ச்சில் ஷம்பு, கனௌரி எல்லைகளில் ஆதரவு விலைக்காக உட்கார்ந்திருந்தவர்களை அந்த ஆட்சியின் போலீஸ்தான் அப்புறப்படுத்தியது.

2017 டெல்லிப் போராட்டத்தையும் மறக்க முடியாது. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமாக அரசே அறிவித்த நேரம். அய்யாக்கண்ணு தலைமையில் நம்ம விவசாயிகள் ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு 41 நாள் உட்கார்ந்தார்கள். கடனைத் தள்ளுபடி செய், காவிரி மேலாண்மை வாரியம் அமை என்றார்கள். பதிலுக்கு வந்தது என்ன? அவர் வக்கீலாச்சே, அவரிடம் என்ன கார் இருக்கு தெரியுமா, அவர்கள் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் பார். 2019 தேர்தலில் வாரணாசியில் போட்டியிடப் போகிறேன் என்றவர், அமித் ஷாவைச் சந்தித்த பிறகு போட்டியிடவில்லை என்று அறிவித்தார். உடனே இந்தப் பக்கத்து ஆட்கள் விலை போய்விட்டார் என்றார்கள். அந்த மனிதரின் முறைகள் எனக்கு எல்லாம் ஒப்புதல் இல்லை. அதை நேரிலும் சொல்லுவேன். ஆனால் இரண்டு பக்கமும் அவர் காரையும் அவர் மனசையும் அளந்தார்களே தவிர, கூட்டுறவுக் கடன் கட்ட முடியாத விவசாயியின் கணக்கை யார் அளந்தார்கள்?

நம்ம கூட்டத்திலேயே...

இப்போது வீட்டுக்கு வருவோம். நம்ம கிளைக் கூட்டம் ஒன்றில் நடந்தது. ஊர், பேர் வேண்டாம். ஒரு தம்பி, முப்பது வயசு இருக்கும், மூன்று ஏக்கர் குத்தகை சாகுபடி. எழுந்து நின்று சொன்னார்: "கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிட்டு எட்டு நாள் காத்துக் கிடந்தேன். ராத்திரி காவல். படுதா வாடகை. ரெண்டு தடவை காய வைக்க ஆள் கூலி. நடுவுல ஒரு மழை வேற. வியாபாரி களத்துக்கே வந்து குவிண்டாலுக்கு இருநூறு ரூபா குறைச்சுக் கேட்டான்; கையில காசு. கூட்டிக் கழிச்சா ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. அப்புறம் எதுக்கு நான் வியாபாரியை எதிர்த்துக் கொடி பிடிக்கணும்?"

அவ்வளவுதான். "வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிட்டான்யா!" என்று ஒரு குரல். "இவன் மாமனார் எந்தக் கட்சின்னு தெரியாதா?" என்று இன்னொரு குரல். பின்வரிசையில் ஒருத்தர் சாதியை இழுத்து என்னமோ முணுமுணுத்தார். தலைவர் மேசையைத் தட்டி அடக்கினார். அவரைப் பேசி முடிக்க விடுங்கள் என்று நானும் எழுந்து சொன்னேன். பேசி முடித்தார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அவரோடு வந்துகொண்டிருந்த நாலு இளவட்டமும் வரவில்லை.

அவர் கேட்டதுக்குப் பதில் இருந்தது. தம்பி, வியாபாரி இருநூறு குறைத்துக் கேட்கிறான் என்றால், எதிலிருந்து குறைக்கிறான்? பக்கத்துத் தெருவில் அரசு நிலையம் ஒரு விலையை எழுதிப் போட்டிருக்கிறது, அதிலிருந்துதான் குறைக்கிறான். அந்தப் போர்டு போய்விட்டால் அவன் சொல்வதுதான் விலை. இது ஒரு பதில். ஆனால் தம்பி போட்ட கணக்கும் தப்பில்லை. எட்டு நாள் காத்திருப்புக்கு யார் கூலி கொடுப்பது? இது நம்ம கோரிக்கைப் பட்டியலில் முதலில் நிற்க வேண்டிய விஷயம். ஒத்துக்கொண்ட நாளில் எடை போடாவிட்டால், காத்திருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் காவலுக்கும் காய வைக்கவும் இழப்பீடு கொடு என்று கேட்கலாமே! நமக்குக் கோரிக்கை எடுத்துக் கொடுத்த ஆளை முன்பணம் வாங்கியவன் என்று விரட்டியிருக்கிறோம்.

2025 அக்டோபரில் டெல்டாவில் என்ன ஆனது என்று பாருங்க. குறுவை நெல் நிலையங்களில் குவிந்து கிடந்து, மழையில் நனைந்து, முளை விட்டது. ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக்கச் சொல்லி மாநிலம் கேட்டது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனது. தலைவர்கள் வந்தார்கள், முளைத்த நெல்லைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். உன் ஆட்சியில் என்ன கிழித்தாய், நீதான் துரோகி என்று இரண்டு பக்கமும் அறிக்கை. நம்ம ஊர் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் அதே அறிக்கையை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள். சாக்கு எத்தனை வந்தது, லாரி எத்தனை வந்தது, ஏற்றிப்போன மூட்டையை இறக்கக் கிடங்கில் இடம் இருந்ததா? இந்த மூன்றையும் கேட்டிருந்தால் தப்பு எங்கே என்று தெரிந்திருக்கும்.

யாருடைய வாய் முதலில் அடைபடுது?

வசவு எல்லாருக்கும் ஒரே விலை இல்லை. இருபது ஏக்கர் வைத்திருக்கிறவரைக் கைக்கூலி என்று சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். நாளைக்கு அவர் உரத்துக்கு டவுனுக்குப் போவார், கடனுக்கு வங்கிக்குப் போவார். கூட்டுறவுச் சங்கத்தையே நம்பியிருக்கிற ஒன்றரை ஏக்கர்காரனுக்கு 'அந்தக் கட்சி ஆளு' என்று ஒரு முத்திரை விழுந்தால் யூரியா மூட்டை கிடைப்பதே கஷ்டமாகிவிடும். குத்தகைக்காரன் பேசினால், "உன் பேர்ல சிட்டா இருக்கா? நீயெல்லாம் விவசாயியா?" என்கிறார்கள். அவன் கேட்டது பயிர்க் காப்பீட்டுத் தொகை ஏன் நிலம் வைத்திருக்கிறவர் கணக்குக்கே போகிறது என்று. அதற்குப் பதில் இல்லை. ஒரு பெண் எழுந்து கேட்டால், "வீட்டு ஆம்பளையை அனுப்பும்மா" என்கிறார்கள். ரெண்டாவது தடவை கேட்டால் அவர் நடத்தையைப் பேசுகிறார்கள். நடவு நட்டு, களை எடுத்து, களத்தில் தூற்றுகிறவர் யார்? நெல்லைப் பற்றிக் கேட்க அவருக்குச் சிட்டா வேணுமா, மீசை வேணுமா?

இப்படி ஒவ்வொருத்தராக வாயை மூடினால் கடைசியில் மேடையில் யார் மிச்சம்? வசவுக்கு அஞ்சாத வசதி உள்ளவர்கள். அவர்கள் கேட்கிற கோரிக்கை அவர்களுக்கு வேண்டியதாகத்தான் இருக்கும்.

அப்போ ஆளைப் பற்றி எதுவுமே கேட்கக் கூடாதா?

கேட்கலாம். இதில் குழப்பம் வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 12ஆம் தேதி வேளாண் சட்டங்களை நிறுத்திவைத்து நாலு பேர் குழு போட்டது. நாலு பேருமே ஏற்கெனவே அந்தச் சட்டங்களை ஆதரித்துப் பேசியவர்கள், எழுதியவர்கள்; அதனால் அவர்கள் முன்னால் போகமாட்டோம் என்று போராடியவர்கள் சொன்னார்கள். அது வசவு இல்லை. தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர் ஏற்கெனவே ஒரு பக்கம் பேசிவிட்டார் என்பது தீர்ப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். உரக்கடை வைத்திருப்பவர் உர விநியோகத்தைக் கண்காணிக்கிற கமிட்டியில் இருந்தால், ஏன் என்று கேட்கத்தான் வேணும். அவர் எந்தச் சாதி, எந்தக் கடையில் குடிக்கிறார், பெண்டாட்டியோடு சண்டையா என்பதெல்லாம் உர மூட்டையோடு சம்பந்தம் இல்லாதது. இந்த விவரம் தெரிந்தால் கேள்விக்குப் பதில் மாறுமா? மாறும் என்றால் கேளுங்க. மாறாது என்றால் அதைப் பேசுகிறவன் நம்ம நேரத்தைத் திருடுகிறான்.

ஆளை ஒதுக்கிவிட்டுக் கேள்வியை மட்டும் பார்த்தால் ஆச்சரியமான இடங்களில் எல்லாம் கூட்டாளி கிடைப்பார்கள். ஆர்.எஸ்.எஸ். சார்புடைய பாரதிய கிசான் சங்கமே கட்டுபடியான விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேணும் என்று கேட்டிருக்கிறது. செங்கொடிச் சங்கமும் அதையே கேட்கிறது. கட்சி சார்பில்லாத நம்ம சங்கமும் அதையே கேட்கிறது. மூன்று பேரும் ஒரு மேடையில் நிற்க வேண்டாம். கேள்வி ஒன்று என்று ஒத்துக்கொண்டால் போதும். ஊர் ரெண்டுபட்டால் கொண்டாட்டம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கொங்கு நாட்டில் 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த மின்கட்டணப் போராட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசாவைக் குறை என்று கேட்டார்கள். கோவை நகரத்தில் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிரும் போனது. அந்த ஒரு பைசாவை எந்த ஆட்சியாலும் வேறு பேச்சாக மாற்ற முடியவில்லை. எந்தக் கட்சிக்காரன் கேட்டாலும் பைசா பைசாதான்.

நமக்கும் அப்படி ஒரு கணக்கு கையில் இருக்கு. 2025-26 பருவத்துக்குச் சாதா நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். உற்பத்திச் செலவு 1,579 ரூபாய், அதற்கு ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் சரியாகத்தான் வரும். அந்த 1,579 ரூபாய்க்குள் என்ன இருக்கு? விதை, உரம், கூலி, வீட்டு ஆட்கள் உழைப்பு இருக்கு. சொந்த நிலத்துக்கு உரிய வாடகை இல்லை. சொந்த முதலுக்கு வட்டி இல்லை. உற்பத்திச் செலவுக்கு மேல் பாதி வைத்துக் கொடு என்று சொன்னது கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம். 2004இலிருந்து 2006வரை ஆராய்ந்து சொன்னது. 2024இல் அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தார்கள். நில வாடகையையும் வட்டியையும் சேர்த்த கணக்கைக் கொடுக்கவில்லை. "நில வாடகையும் வட்டியும் செலவா, இல்லையா?" இதைக் கேளுங்க. கேட்கிறவன் காங்கிரஸா, பி.ஜே.பி.யா, தி.மு.க.வா, அ.தி.மு.க.வா, ஒண்ணும் இல்லாதவனா என்பதால் நில வாடகை ஒரு ரூபாய் கூடப் போவதில்லை, குறையப் போவதில்லை.

ஆர்ப்பாட்டத்துக்கு வரும் முன்னால்

கலெக்டர் ஆபீஸ் முன் ஆர்ப்பாட்டத் தேதி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. செயற்குழுவில் சிலதை முடிவு செய்திருக்கிறோம். எந்தத் தலைவரின் குடும்பத்தையும் உடம்பையும் சாதியையும் வைத்துக் கோஷம் கிடையாது. எழுதிக் கொடுக்கிற கோஷத்தை மட்டும் போடணும். மைக் பிடிக்கிறவர் எந்தக் கட்சி ஆளாகவும் இருக்கலாம், தோளில் கட்சித் துண்டு வேண்டாம். நம்ம கோரிக்கையை ஒத்துக்கொள்ளாத விவசாயி வந்தால் அவருக்கும் ஐந்து நிமிஷம் உண்டு. அவர் பேசும்போது கூச்சல் போட்டால், கூச்சல் போட்டவர்தான் வெளியே போகணும்.

மேலே சொன்ன தம்பி வீட்டுக்குக் கிளைத் தலைவரும் நானும் போய்க் கூப்பிட்டோம். "பாக்கலாம்ணே" என்றார். காத்திருப்பு நாளுக்கு இழப்பீடு என்ற கோரிக்கை நான்காவதாக அச்சாகியிருக்கிறது. அது அவருடையதுதான் என்று சொன்னோம்.

வருகிறவர்கள் சிட்டா, அடங்கல், கொள்முதல் ரசீது, காப்பீடு கட்டிய சீட்டு எது இருக்கிறதோ கொண்டுவாங்க. குத்தகைக்காரர்கள் காகிதம் இல்லையே என்று தயங்க வேண்டாம். நிலையத்தில் எந்தத் தேதி நெல்லைக் கொட்டினீர்கள், எந்தத் தேதி எடை போட்டார்கள், நடுவில் காவலுக்கும் கூலிக்கும் என்ன செலவு என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துவாங்க. எழுதத் தெரியாதவர்களுக்குப் பந்தலில் எழுதித் தர இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பயமாக இருந்தால் பேர் போட வேண்டாம். தேதியும் ரூபாயும் போதும்.